நான் தெரிவுசெய்த துவக்கு

போன மாதம் எங்கள் பழைய வனவிலங்கு அலுவலகத்து ஜீப் வந்து என் வீட்டுக் கடப்படியில் நின்றது. இறங்கியவர்கள் இருவர். ஒருவர் இப்போது அங்கே பொறுப்பதிகாரியாக இருக்கும் சுதாகர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். மற்றவர் சாரதி நவம். என்னோடு காடு வயல் எல்லாம் திரிந்தவர், இன்னும் கொஞ்சக் காலத்தில் அவரும் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அலுவலகத்திலிருந்த பழைய றைபிள் துவக்கை மாற்றப் போகிறார்களாம். பார்த்துத் தெரிவு செய்யும்படி புதிதாகச் சில வந்திருக்கின்றன. எதை எடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு வீடியோ பார்த்துக் குழம்பிப் போயிருந்தார்கள்.

"ஐயா ஒருக்கா வந்து பாத்தா நல்லம்," என்றார் சுதாகர்.

நவம் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "அண்ணன் கையில எடுத்துப் பாத்து, 'இதுதான் துவக்கு' எண்டு ஒரு வார்த்த சொன்னாக் காணும். அண்டைக்குச் சொன்ன மாதிரி."

சுதாகரும் சிரித்தார். அந்தக் கதை அவருக்கும் தெரிந்திருந்தது. அலுவலகத்தில் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லப்படுகிற கதை அது. மகேந்திரன் ஐயா றைபிளை எடுத்தார், ஒரே வெடி, 'இதுதான் துவக்கு' என்றார், முடிந்தது விஷயம். இப்போது புது டோர்ச் வாங்கினாலும் அங்கே 'இதுதான் துவக்கு' என்றுதான் சொல்கிறார்களாம். என்னைப் பெருமைப்படுத்துவதாகத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். அந்த இரண்டு சொல்லையும் கேட்டால் எனக்கு இன்றைக்கும் காது சுடும், எழும்பி உள்ளே போய்விடலாம் போலிருக்கும். வெட்கக்கேடு. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்தேன்.

வனவிலங்குக் காவலனாக நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் சொல்ல அதிகமில்லை. மலைநாட்டில் ஒரு பயிற்சி முகாமில் குளிரில் நடுங்கினேன், மரங்களின் பெயரைச் சிங்களத்தில் பாடமாக்கினேன், துவக்கைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிப் பூட்டப் பழகினேன். பிறகு வெல்லாவெளிப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். சொந்த இடம், சொந்தச் சனம். ஆனை வேளாண்மைக்குள் இறங்கினால் நடுச்சாமம் என்றும் பாராமல் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். போகாவிட்டால் அடுத்த நாள் கடையடியில் கேட்கிற பேச்சுக்குக் காது கொடுக்க ஏலாது.

சனம் நினைக்கிற மாதிரி எங்களுக்குத் துவக்கு அடிக்கடி தேவைப்படுவதில்லை. ஆனையை விரட்ட ஆனை வெடி கொளுத்திப் போடுவோம், கத்துவோம், ட்ரக்டர் லைட்டை அடிப்போம். றைபிள் இருப்பது வேறொரு வேலைக்கு. இனிப் பிழைக்காது என்று மிருக வைத்தியர் கைவிட்ட மிருகத்தை மேலும் வதைபட விடாமல் முடிப்பதற்கு. வருடக் கணக்காக அலுமாரிக்குள் கிடக்கும். வெளியே எடுக்கிற அன்றைக்கு முதல் வெடியிலேயே வேலை முடிய வேண்டும். பிசகினால் வதைபடுவது வாயில்லாத சீவன்.

எங்களுக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் ஹாறூன் சேர். காத்தான்குடி ஆள். தகப்பனுக்குப் புடைவைக்கடை. சின்ன வயதில் கடையில் நின்றவர் என்பது அவர் எதைத் தொட்டாலும் தெரியும். எதையும் முதலில் மறுபக்கம் திருப்பித்தான் பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு வேலையைச் செய்துவிட்டு நிமிர்ந்தால் "இன்னொருக்கா" என்பார். அவ்வளவுதான். அந்த இன்னொருக்காவுக்குப் பயந்தே நாங்கள் முதல் முறையே ஒழுங்காகச் செய்யப் பழகினோம்.

ஒரு முறை மூன்று றைபிள்கள் வந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றும் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தவை, மூன்றும் போல்ட் வகை. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் ஒரு ரவை ஏறும். ஒன்று பளபளவென்று இருந்தது, மரத்தில் பூவேலைகூடச் செய்திருந்தார்கள். போல்ட் எண்ணெயில் வழுக்குவதுபோலப் போய் வந்தது. இன்னொன்றுக்குத் தோளில் வைக்கிற கட்டை பிளாஸ்டிக், மேலே தொலைநோக்கி வேறு. மூன்றாவது பாரம், மங்கல் கறுப்பு, போல்ட்டை இழுத்தால் கறகறவென்று சத்தம். நான் பளபளப்பானதைத்தான் ஆசையாகத் தூக்கினேன்.

"அது கலியாண வீட்டுக்குக் கொண்டு போக நல்லா இருக்கும், மகேந்திரன்," என்றார் சேர். "வையுங்க. முதல்ல வெறுமையா எண்டு பாருங்க."

போல்ட்டைத் திறந்து, ரவை ஏறுகிற இடத்துக்குள் சின்ன விரலை விட்டுப் பார்த்தேன். வெறுமை. சேர் வாங்கி அவரும் விரலை விட்டுப் பார்த்தார். திருப்பித் தந்ததும் நான் மறுபடியும் பார்க்க வேண்டும். கை மாறுகிற ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு இதைச் செய்வது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது.

பிறகு போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வாயடியில் வெள்ளைக் கடதாசியைப் பிடித்துக் குழாய்க்குள் பார்த்தோம். எங்கள் வாவி கடலோடு சேர்ந்தது, காற்றில் உப்பு இருக்கிறது. வரும் வழியில் எங்கேயாவது கவனிக்காமல் கிடந்திருந்தால் உள்ளே புள்ளி புள்ளியாகத் துருப் பிடித்திருக்கும். மூன்றும் சுத்தம். போல்ட்டின் முன்பக்கம் இரண்டு காதுகள் இருக்கும், பூட்டும்போது வெடியின் உதையைத் தாங்குவது அவைதான். சேர் அவற்றில் பேனா மையைத் தடவிப் பூட்டித் திறக்கச் சொன்னார். இரண்டு காதிலும் மை ஒரே அளவுக்கு அழிந்திருக்க வேண்டும். ஒரு காதில் மட்டும் அழிந்திருந்தால் முழு உதையும் அந்த ஒன்றில்தான் விழும் என்றார்.

அடுத்தது வெடிக்காத போலி ரவைகள். மெதுவாக ஏற்று, வேகமாக ஏற்று, சரித்துப் பிடித்து ஏற்று, தலைகீழாகப் பிடித்து ஏற்று. "இப்ப பயந்தவன் மாதிரி ஏத்துங்க," என்றார் சேர். எனக்கு விளங்கவில்லை. அவரே வாங்கி, போல்ட்டைப் பாதி தள்ளி, சட்டென்று பின்னால் இழுத்து, மறுபடி தள்ளிக் காட்டினார். பதறிய கை அப்படித்தான் செய்யும். பளபளப்பானது அந்த இடத்தில் இரண்டு ரவையை ஒன்றாக ஏற்றப் பார்த்து இறுகிக்கொண்டது. மூன்றாவதான கறுப்பனுக்குப் போல்ட்டில் அகலமான நகம் ஒன்று இருந்தது. ரவை மேலே எழும்பும்போதே அது பிடித்துக்கொள்ளும், வெளியே எறியும் வரை விடாது. அதைப் பத்து விதமாகப் பதற வைத்துப் பார்த்தோம், இறுகவேயில்லை.

பிளாஸ்டிக் கட்டை றைபிள் தோற்றது தவறி வெடிக்காமல் தடுக்கிற பூட்டில். பூட்டைப் போட்டு விசையை அழுத்தினோம், அடிக்கவில்லை, சரி. விரலை எடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்தோம். விசையில் யாரும் கை வைக்காமலே 'டிக்' என்று அடித்துக்கொண்டது. ரவை இருந்திருந்தால் முன்னால் நின்ற நவத்தின் கதை முடிந்திருக்கும். சேர் அதைத் துணியில் சுற்றிச் சுவரோரம் வைத்தார். நவம் அன்றைக்கு முழுக்க அந்தச் சுவர்ப் பக்கம் போகவில்லை.

கறுப்பனிலும் ஒரு குறை இருந்தது. எங்கள் பக்கத்து மாரி மழையில் மரம் ஊதும். ஊதிய மரம் குழாயை முட்டினால் வெடி வேறு பக்கம் போகும். சேர் நனைந்த சாக்கில் அதைச் சுற்றி வைத்து, மறுநாள் மரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கடதாசித் துண்டை விட்டு இழுத்தார். பாதியில் சிக்கியது. நான் அந்த இடத்தை மண்கடதாசியால் தேய்த்துக் கழித்தேன், வார்னிஷ் பூசிக் காய வைத்தேன், மறுபடி சாக்கில் சுற்றினேன். கடதாசி நுனி தொட்டு அடி வரை தடையில்லாமல் போகும் வரை அந்த வேலை. ஊரில் மாடு வாங்கியவன் குளிப்பாட்டுவதுபோல அதோடு கிடந்தேன். வீட்டில் மனிசி, "அதையும் இஞ்ச கொண்டு வந்து படுக்க வையுங்களன்," என்று கேட்டாள்.

கடைசியாகச் சுட்டுப் பார்த்தல். ஆறிய குழாயால் காலையில் ஒரு வெடி. அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் இன்னொன்று. "ரெண்டாவது வெடி எங்கட வேலைக்கு உதவாது, மகேந்திரன். முதலாவது எங்க போகுது எண்டு மட்டும் பாருங்க." பல காலைகள் சுட்டோம். எல்லாம் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் அடங்கின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி நாள் துவக்கை உயர்த்திப் பிடித்து, "இதுதான் சேர் துவக்கு," என்றேன். சேரும் அன்றைக்குச் சிரித்தார். அந்தச் சொல் முதலில் பிறந்தது அங்கேதான், அதில் பிழையில்லை. அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை.

அடுத்த அறுவடை முடிந்த கையோடு ஒரு பெட்டை ஆனை வயல் வட்டை ஓரத்தில் விழுந்து கிடப்பதாகச் சொல்லி வந்தார்கள். பன்றிக்கென்று யாரோ கம்பி இழுத்துக் கட்டி வைத்த கட்டுத்துவக்கு, அதன் முன்கால் மூட்டில் வெடித்திருந்தது. வைத்தியர் மருந்து ஏற்றினார், புண்ணைக் கழுவினார், மீண்டும் மீண்டும் வந்தார். சில நாள் எழும்பி நிற்கப் பார்த்தது. பிறகு அதுவும் இல்லை. மூட்டு அழுகிப் போயிற்று.

அந்த இடத்துக்குப் பக்கத்து வயல் பூரணக்காவுடையது. தனி மனிசி, தானே விதைத்துத் தானே காவல் காப்பவர். நாங்கள் போகும்போதெல்லாம் வாய்க்காலில் வாளியால் அள்ளி அள்ளி ஆனையின் தலையில் ஊற்றிக்கொண்டிருப்பார். காது காய்ந்து போகாமல் நனைந்த சாக்குப் போட்டிருந்தார். வாழைத்தண்டை வெட்டித் தும்பிக்கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பார். கிட்டப் போக வேண்டாம், ஆபத்து என்று நான் சத்தம் போட்டேன்.

"என்ட வேளாண்மையப் போன வருசம் திண்டவள்தான் இவள்," என்றார் பூரணக்கா. "அதுக்காகத் தண்ணி இல்லாமச் சாகச் சொல்றியா மகன்?"

அந்த ஆனையைப் 'புள்ள' என்றுதான் கூப்பிட்டார்.

கடைசியில் வைத்தியர் இனிச் சரிவராது என்றார். மருந்தாலேயே முடிக்க அந்த உடம்புக்குப் போதுமான அளவு அவரிடம் இருக்கவில்லை, வரும் வரை வைத்திருப்பது பாவம் என்றார். ஹாறூன் சேர் என்னைப் பார்த்தார். துவக்கை அதிகம் பழகியவன் நான்தான்.

சனம் வரம்பில் வந்து நின்றது. சிலர் சூடம் கொளுத்தினார்கள். எங்கள் சனத்துக்கு ஆனை பிள்ளையார், வயலை மிதித்தாலும் பிள்ளையார்தான். பூரணக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒரே வெடியில போகுமா மகன்?"

"போகும் அக்கா."

"ரெண்டாவது சத்தம் எனக்குக் கேக்கப்படாது. அவள் பட்டது காணும்."

"கேக்காது அக்கா. நான் சொல்றன்."

அவர் சாக்கை எடுத்து ஆனையின் கண்ணை மூடினார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு விலகிப் போய், முதுகைக் காட்டி நின்றார். வைத்தியர் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு என் பின்னால் வந்தார். போல்ட்டைத் திறந்தேன், விரலை விட்டுப் பார்த்தேன், ரவையை ஏற்றினேன். நகம் அதைப் பிடிப்பது கைக்குத் தெரிந்தது. சுட்டேன்.

தும்பிக்கை ஒரு முறை சுருண்டு விரிந்தது. அவ்வளவுதான். வைத்தியர் போய்ச் சாக்கை விலக்கிக் கண்ணைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாவது வெடி தேவைப்படவில்லை. நான் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது. அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தால் போதும்.

நான் நிற்கவில்லை. வெடித்த ரவையின் வெறுங்கோதை வெளியே எடுத்தேன். சாக்கில் ஊறவைத்த நாள், மண்கடதாசி, காலைக் காலையாகச் சுட்டது எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்குள் பொங்கியது. துவக்கை உயர்த்தினேன். சிரித்தேன். வரம்பில் நின்ற சனத்தின் முன்னால், சேரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இதுதான் சேர் துவக்கு," என்றேன்.

சேரின் முகத்தில் ஈயாடவில்லை. சூடம் கொளுத்தியவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். பூரணக்கா திரும்பினார். அவர் முதலில் ஆனையைப் பார்த்தார், பிறகு என்னை.

"துவக்கப் பத்தியா மகன் கதைக்கிறாய்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் நின்றேன். சேர் வந்து துவக்கை வாங்கினார். விரலை விட்டுப் பார்த்தார். பூரணக்கா போய் அந்தச் சாக்கை ஆனையின் முகத்தில் சரி செய்து போட்டார்.

திரும்பி வந்து, அலுவலகத்தில் இறங்கும்போதுதான் சேர் சொன்னார்: "நீங்க சுட்டது சரி. மற்றத வீட்ட போய் யோசிங்க."

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அவர் பிறகு மாற்றலாகிப் போனார், ஓய்வும் பெற்றார். அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. ஆனால் நவத்துக்கு அன்றைக்குக் கண்ணில் பட்டது ஒரே வெடி மட்டும்தான். அவர் சொல்லிச் சொல்லித்தான் அது அலுவலகத்துக் கதையானது. நான் தடுத்திருக்கலாம். தடுக்க வேண்டுமானால் முழுவதையும் சொல்ல வேண்டும். அதற்கு வெட்கப்பட்டு, பாராட்டை வாங்கிக்கொண்டு இருந்தேன். சந்திக்குப் போகப் பூரணக்கா வீட்டு வழியால் போனால் கிட்ட. நான் மற்ற வழியால் சுற்றித்தான் போய் வந்தேன். ஏன் இந்தச் சுற்று என்று மனிசி கேட்டால் அந்த றோட்டில் நாய்த் தொல்லை என்பேன்.

இப்போது வந்திருந்த றைபிள்களைப் பார்க்கப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பூட்டைத் திறந்தால் அடித்துக்கொள்கிற சாதி ஒன்று அந்தப் பிள்ளைகளின் கையில் போய்ச் சேர்ந்தால்? போனேன். எல்லாவற்றையும் சேர் செய்த ஒழுங்கில் செய்தேன். விரல், வெள்ளைக் கடதாசி, பேனா மை, பயந்தவன் மாதிரி ஏற்றுவது. சுதாகர் வேலையில் கெட்டிக்காரர், ஒன்றை இரண்டு முறை சொல்ல வேண்டி வரவில்லை. நனைந்த சாக்குச் சோதனைக்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். கடதாசி சிக்கியதும் சிரிப்பு நின்றது. பல காலைகள் போய் வந்து, கடைசியில் ஒன்றைக் கை காட்டினேன். அதுவும் ஒரு மங்கல் கறுப்புத்தான்.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நவம் போனைக்கூடத் தூக்கிப் பிடித்திருந்தார், வீடியோ எடுக்க.

"இத எடுங்க," என்றேன். "வேறென்ன பாக்கிறீங்க?"

நவத்துக்கு முகம் விழுந்துவிட்டது. சுதாகரும் ஏறிக்கொண்டார். என்னை வீட்டில் விடப் புறப்பட்டோம், றைபிளும் பின்னால் பெட்டிக்குள். நவம் ஜீப்பைக் கிட்ட இருந்த வழியால், பூரணக்கா வீட்டுப் பக்கம், திருப்பிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் வாயில் வரவில்லை.

பூரணக்கா வீட்டடியில் மாடுகள் றோட்டைக் கடந்துகொண்டிருந்தன. ஜீப் நின்றது. வேலியடியில் அவர் நின்றார். நன்றாக மெலிந்து போனார், கையில் ஒரு தடி. நான் தலையைக் குனிந்தேன்.

நவம் கண்ணாடியை இறக்கினார். "அம்மா, புதுத் துவக்கு எடுத்திருக்கம். மகேந்திரண்ணன்தான் பாத்து எடுத்துத் தந்தவர்."

பூரணக்கா கிட்ட வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். கண் மங்கியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"நீயா மகன்? எங்க இவ்வளவு நாளா? இந்தப் பக்கம் காணவே கிடைக்கயில்லையே."

"இருக்கிறன் அக்கா."

"நல்லாப் பாத்து எடுத்தியா?"

"ஓம் அக்கா."

"முந்தினதப் போல ஒரே வெடியில போகுமா?"

"போகும் அக்கா."

"அப்ப நல்லம்," என்றார். தடியால் கடைசி மாட்டைத் தட்டி விட்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "சுட்டுப்போட்டு, மறுகா வாயப் பொத்திக்கொண்டு நில்லு."

நவமும் சுதாகரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். "ஓம் அக்கா," என்றேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது, மாடுகளோடு உள்ளே போய்விட்டார்.